ஜெனரேற்றர் இருக்குத்தானே? தீப் பாதுகாப்புக்கான மாற்று மின்சாரம்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏ9 வீதியோரம் மூன்று மாடியில் எழும்பும் கடைத்தொகுதியாக இருக்கலாம், முள்ளியவளைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபமாக இருக்கலாம், வவுனியாவில் ஒரு தனியார் மருத்துவமனையாக இருக்கலாம். தீ எச்சரிக்கை பனலுக்கும் (புகை உணரிகளைக் கவனித்து மணிகளை அடிக்கும் பெட்டி) தண்ணீர்ப் பம்முக்கும் மாற்று மின்சாரம் வேண்டும் என்று விலைக்கணிப்பை நீட்டியவுடன் சொந்தக்காரரிடமிருந்து வரும் கேள்வி ஒன்றுதான். “அண்ணை, ஜெனரேற்றர் இருக்குத்தானே, பிறகேன் இதுக்கு வேற பற்றரி, வேற வயர்?”

கேட்பதில் பிழை இல்லை. நாங்கள் கரண்ட் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இருந்த சனம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம், உழவு இயந்திரப் பற்றரியில் லைற் எரித்தோம். எதையும் சமாளிக்கலாம் என்ற துணிவு வன்னியில் எல்லோருக்கும் உண்டு. ஆனால் கடைக்காரர் ஜெனரேற்றர் வாங்குவது மின்வெட்டை நினைத்து. மின்வெட்டில் கரண்ட் போவது ஊருக்கு. கட்டடம் சும்மாதான் நிற்கும். ஒரு பெடியன் பின்பக்கம் போய் சாவியைத் திருப்பி, கட்டடத்தை வெளி லைனிலிருந்து ஜெனரேற்றருக்கு மாற்றும் சேஞ்சோவர் சுவிச்சை மறுபக்கம் தள்ளினால் சரி. தீ என்றால் வயரே எரியும். மெயின் சுவிச்சை யாராவது நிறுத்துவார்கள். புகைக்குள்ளால் ஜெனரேற்றர் அறைக்கு ஒருவரும் போக முடியாது. இந்த மூன்றையும் தாங்கி, ஆள் தொடாமல், தானாக வேலை செய்வதைத்தான் தீப் பாதுகாப்புக்கான மாற்று மின்சாரம் என்கிறோம்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் எலெக்ரீசியனுக்கும், ஒரு கட்டடத்தின் பராமரிப்பைப் புதிதாகப் பொறுப்பெடுத்தவருக்குமாக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்

கட்டடத்தைச் சுற்றி நடந்து, தீ நேரத்தில் கரண்ட் கேட்கும் பொருட்கள் எவை என்று குறியுங்கள். எச்சரிக்கை பனல், அதில் தொங்கும் புகை உணரிகள், மணிகள். வெளியேறும் வழியின் அவசர விளக்குகள். ஹோஸ் றீலுக்கோ (சுருட்டி வைத்த தண்ணீர்க் குழாய்) ஸ்பிரிங்ளருக்கோ (தீச் சூட்டில் தானாகத் தண்ணீர் தெளிப்பது) தண்ணீர் தள்ளும் பம். பெரிய கட்டடமென்றால் புகை வெளியேற்றும் விசிறி, லிப்ற். வன்னியில் உள்ள பெரும்பாலான கட்டடங்களுக்கு முதல் மூன்றுடன் பட்டியல் முடிந்துவிடும்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு விடயம் எழுத வேண்டும். கரண்ட் போய் எத்தனை வினாடிக்குள் திரும்ப வேண்டும்? எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? பனலுக்கு ஒரு வினாடிகூட இடைவெளி கூடாது, ஆகவே அதற்குள்ளேயே பற்றரி. அவசர விளக்குக்கும் அப்படித்தான். பம்முக்குச் சில வினாடி பொறுக்கலாம், ஆனால் அது இழுக்கும் சக்தி பற்றரியால் ஆகாது. ஆகவே ஒன்றுக்குப் பதிலாக மற்றது என்று இங்கே கிடையாது. ஜெனரேற்றர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பனல் பற்றரியைக் கழற்ற முடியாது.

எந்த விதி? இலங்கையில் கட்டடங்களுக்கான தீ விதிகளை வெளியிடுவது நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபை. முன்பு இக்ராட் என்ற பெயரில் இருந்தது. கருவிகளின் விவரம் என்று வரும்போது இங்குள்ள வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் பிரித்தானிய நியமங்களைப் பிடிப்பார்கள். சிலர், குறிப்பாக வெளிநாட்டு நிதியில் எழும்பும் கட்டடங்களில், அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் (என்எஃப்பீஏ) நியமத்தைக் கேட்பார்கள். இரண்டையும் கலந்து சமையல் செய்யாதீர்கள். எதில் தொடங்கினீர்களோ அதிலேயே முடியுங்கள். அனுமதிக்கு முன் பிரதேச சபையிலும் தீயணைப்புப் பிரிவிலும் கேட்டு, சொன்னதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பனல் பற்றரிக் கணக்கு

புதியவர்கள் பயப்படுவது இதற்குத்தான். உண்மையில் ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் தெரிந்தால் போதும்.

ஆட்கள் புழங்கும் கட்டடத்துக்குப் பிரித்தானிய நியமம் கேட்பது, கரண்ட் இல்லாமல் 24 மணி நேரம் பனல் விழித்திருக்க வேண்டும், அதன் பிறகும் 30 நிமிடம் மணிகளை முழுச் சத்தத்தில் அடிக்க வேண்டும் என்பது. அமெரிக்க நியமத்திலும் 24 மணி நேரம்தான். ஆனால் மணி அடிக்க 5 நிமிடம், குரல் அறிவிப்பு உள்ள இடமென்றால் 15 நிமிடம்.

ஒரு மூன்று மாடிக் கடைத்தொகுதியை எடுப்போம். பனல் சும்மா இருக்கும்போது 0.15 அம்பியர் எடுக்கிறது, மணி அடிக்கும்போது 1.2 அம்பியர். இரண்டும் நான் உதாரணத்துக்கு எடுத்த எண்கள்; உங்களுடையதைப் பனலின் கையேட்டிலிருந்தோ மீற்றர் வைத்து அளந்தோ எடுங்கள். 24 மணியை 0.15 ஆல் பெருக்கினால் 3.6. மணி அடிக்கும் அரை மணி நேரத்துக்கு 1.2 இன் பாதி, 0.6. ஒரேயடியாகக் கூடிய கரண்டை இழுக்கும்போது பற்றரி தன் முழுக் கொள்ளளவைத் தராது என்பதால் இந்த 0.6 ஐ 1.75 ஆல் பெருக்குவது பாதுகாப்பு, 1.05 வரும். இரண்டையும் கூட்டினால் 4.65. பற்றரி கிழடாகும் என்பதற்காக 1.25 ஆல் பெருக்குங்கள், 5.8 அம்பியர்-மணி (பற்றரியின் கொள்ளளவை அளக்கும் அலகு) வரும். கடையில் கிடைக்கும் 7 அம்பியர்-மணிப் பற்றரி இதற்குப் போதும்.

இனி அதே கடைத்தொகுதி கிழமை முடிவிலோ பண்டிகைக்கோ பூட்டிக் கிடக்கிறது, உள்ளே காவலாளும் இல்லை என்று வையுங்கள். பூட்டிக் கிடக்கும் நேரத்துடன் இன்னொரு 24 மணியைக் கூட்ட வேண்டும், உச்சம் 72 மணி என்பது விதி. 72 ஐ 0.15 ஆல் பெருக்க 10.8, அதனுடன் 1.05, பிறகு 1.25 ஆல் பெருக்கினால் 14.8. இப்போது 7 அம்பியர்-மணிப் பற்றரி பாதிக்கும் காணாது. 17 அல்லது 18 வேண்டும். ஒரே பனல், ஒரே மணி, ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதால் பற்றரி இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாகிறது. பாடசாலை விடுமுறை, அறுவடைக்குப் பிறகு மூடிக் கிடக்கும் அரிசி ஆலை போன்ற இடங்களில் இதைக் கேட்காமல் கணக்குப் போடவே கூடாது.

ஒரு பொதுவான பிழை: பனலுக்கு 24 வோல்ற்று வேண்டும், ஆகவே 12 வோல்ற்றுப் பற்றரி இரண்டைத் தொடராக இணைக்கிறோம். 7 உம் 7 உம் சேர்ந்து 14 அம்பியர்-மணி என்று நினைப்பவர்கள் உண்டு. தொடராக இணைத்தால் வோல்ற்றுத்தான் கூடும். கொள்ளளவு 7 ஆகவே இருக்கும்.

இன்னொன்று வெக்கை. இந்த மூடிய ஈயப் பற்றரிகளின் ஆயுள் 20 முதல் 25 பாகை வரையிலான குளிர்ச்சிக்குச் சொல்லப்பட்டது. அதற்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் பாதியாகும். சித்திரை வைகாசியில் எங்கள் பக்கம் நிழலிலேயே 35 பாகையைத் தாண்டும். சீற் கூரைக்குக் கீழே, காற்றோட்டமில்லாத ஸ்ரோர் அறையில் என்ன நிலை என்று சொல்லத் தேவையில்லை. ஐந்து வருடம் உழைக்கும் என்று பெட்டியில் எழுதியிருக்கும், நான் இரண்டரை வருடத்துக்கு மேல் நம்புவதில்லை. பனலைக் கீழ்மாடியில், கூரைச் சூடு படாத சுவரில் வையுங்கள். பற்றரியின் மேல் பூட்டிய திகதியை மார்க்கரால் எழுதுங்கள்.

2022 ஐ யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் நின்றது. 24 மணி தாங்கும் பற்றரிக்கு 13 மணி பெரிய விடயமா என்று கேட்கலாம். ஒரு நாளைக்குப் பெரிதில்லை. பனல் சாஜருக்கான ஐரோப்பிய நியமம் சொல்வது, வெறுமையான பற்றரி 24 மணி நேரத்தில் 80 வீதம் வரை ஏற வேண்டும் என்பது. அதாவது அது மெதுவாகத்தான் ஏற்றும். பகல் முழுதும் இறங்கி, மிச்ச நேரத்தில் அரைகுறையாக ஏறி, மறுநாளும் இறங்கினால் கிழமை முடிவில் பற்றரியின் உயிர் பாதி போயிருக்கும். தொடர்ந்து மின்வெட்டு வந்த காலத்துக்குப் பிறகு பற்றரியைக் கட்டாயம் சோதியுங்கள்.

பனலுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது?

சிறிய விடயம்போல் தெரியும். ஆனால் நான் கண்ட பழுதுகளில் பாதி இங்கேதான். எங்கள் நாட்டுக் கடை, வீடுகளில் முழு வயரிங்குக்கும் ஒரே ரிப் சுவிச் (மின் கசிவு வந்தால் கரண்டைத் துண்டிப்பது) வைப்பது வழக்கம். பனலும் அதற்குப் பின்னால் இருந்தால், ஐஸ் பெட்டியில் ஒரு கசிவு வந்தாலும் பனலின் கரண்டும் போகும். நான் பார்க்கப் போன ஒரு புடவைக் கடையில் தீபாவளிக்கு முதல் நாள் பூட்டியவர்கள் நான்காம் நாள் திறந்தபோது பனல் செத்துக் கிடந்தது. இடி மின்னலுக்கு ரிப் சுவிச் விழுந்திருக்கிறது. பற்றரி ஒரு நாளுக்கு மேல் தாங்கிப் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டது. ஐப்பசி இடிக்குப் பெயர்போன ஊரில் இது நடக்காமலா இருக்கும்?

ஆகவே பனலுக்கு மெயினிலிருந்து தனிச் சுற்று, தனிப் பிரேக்கர். மண்ணிணைப்பு முறை காரணமாக ரிப் சுவிச் தேவைப்பட்டால் அதற்கென்று தனியாக ஒன்று. மேலே சிவப்பு எழுத்தில் “தீ எச்சரிக்கை, நிறுத்த வேண்டாம்” என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டுங்கள். மின்னல் தடுப்புக் கருவி ஒன்றும் போட்டுவிடுங்கள். பனலின் விலையோடு பார்த்தால் அது பெரிய காசில்லை.

அவசர விளக்குகள்

பிரித்தானிய முறையில் 3 மணி நேரம், அமெரிக்க முறையில் 90 நிமிடம் எரிய வேண்டும். உள்ளே பற்றரியுடன் வரும் விளக்குகளே எங்கள் கட்டடங்களுக்கு வசதி. அதை எந்த வயரிலிருந்து எடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். படிக்கட்டு விளக்கு எந்தச் சுற்றில் இருக்கிறதோ அதே சுற்றில், சுவிச்சுக்கு முன்னால் இருந்து எடுங்கள். அப்போதுதான் படிக்கட்டின் பிரேக்கர் மட்டும் விழுந்தாலும் அவசர விளக்கு எரியும். வேறு சுற்றில் எடுத்தால் படிக்கட்டு இருளில் கிடக்கும், அவசர விளக்கு கரண்ட் இருக்கிறது என்று நினைத்துச் சும்மா இருக்கும்.

சாதாரண சாஜ் லைற்றை ஆணியில் மாட்டி வைத்துவிட்டு அவசர விளக்கு என்று காட்டுபவர்களும் இருக்கிறார்கள். 2022 இல் அவையெல்லாம் பிள்ளைகள் படிக்க வீட்டுக்குப் போயின. குறை சொல்ல மனம் வராது. சோதனைக்குப் போனால் ஆணி மட்டும் இருக்கும். சுவரில் திருகாணியால் இறுக்கிப் பூட்டும் வகையையே வாங்குங்கள்.

பம்: காசும் கவனமும் போகும் இடம்

2016 செப்ரெம்பரில் கிளிநொச்சிச் சந்தைக் கடைகள் எரிந்ததை இந்தப் பக்கத்து வியாபாரிகள் இன்றும் சொல்வார்கள். துணுக்காய், ஒட்டுசுட்டான் போன்ற உட்பகுதிகளில் தீயணைப்பு வண்டி வந்து சேர எடுக்கும் நேரம் நகரத்தவர்களுக்கு விளங்காது. வண்டி வரும் வரைக்கும் உங்கள் தாங்கியும் உங்கள் பம்மும்தான்.

மின் பம் என்றால் முதல் கேள்வி ஸ்ரார்ட் ஆகும் கரண்ட். 15 கிலோவாற்று மோட்டர் ஒன்று ஓடும்போது 28 அம்பியர் அளவில்தான் எடுக்கும். நேரடியாக ஸ்ரார்ட் செய்தால் முதல் சில வினாடிகளுக்கு அதைப்போல் ஆறு மடங்கு, 170 அம்பியருக்குக் கிட்ட இழுக்கும். அந்த நேரத்தில் 110 கேவீஏக்கு (ஜெனரேற்றரின் அளவைச் சொல்லும் அலகு) மேல் கேட்கிறது. கடைக்கு வாங்கிய 25 கேவீஏ ஜெனரேற்றர் ஒருமுறை இருமி நின்றுவிடும். மோட்டரைக் குறைந்த வோல்ற்றில் தொடக்கிப் பிறகு முழு வோல்ற்றுக்கு மாற்றும் ஸ்ரார்-டெல்ரா ஸ்ரார்ட்டர் போட்டால் அந்த இழுவை மூன்றில் ஒன்றாகக் குறையும். அப்போதும் 40 கேவீஏக்குக் குறைவாக யோசிக்க வேண்டாம். மோட்டரின் தகட்டைப் படம் எடுத்து ஜெனரேற்றர் விற்பவரிடம் கொடுத்து, இதை ஸ்ரார்ட் செய்யும் என்று எழுதி வாங்குங்கள். மற்றச் சுமைகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே இது ஸ்ரார்ட் ஆக வேண்டும் என்பதையும் அதில் சேருங்கள்.

இரண்டாவது, பம்மின் வயர் எங்கிருந்து பிரிகிறது என்பது. தீயணைக்க வருபவர்கள் முதலில் செய்வது கட்டடத்தின் மெயினை நிறுத்துவது. பம் அந்த மெயினுக்குப் பின்னால் இருந்தால் தண்ணீரும் நிற்கும். ஆகவே பம்முக்கான இணைப்பை மெயின் சுவிச்சுக்கு முன்னாலேயே, தனிச் சுவிச்சுடன் பிரிக்க வேண்டும். இதை உங்களுக்கு மின்சாரம் தரும் நிறுவனத்திடம் கேட்டு, அவர்களின் அனுமதியோடு செய்யுங்கள்.

மூன்றாவது, புதியவர்களுக்கு விசித்திரமாகத் தெரியும். சாதாரண மோட்டர் சூடானால் ஓவர்லோட் றிலே விழுந்து கரண்டைத் துண்டித்து மோட்டரைக் காப்பாற்றும். தீப் பம்மில் அப்படி விழ விடக்கூடாது. மோட்டர் இறுகி நின்று இழுக்கும் கரண்டையும் தாங்கிப் பிரேக்கர் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. மோட்டர் எரிந்து போனாலும் பரவாயில்லை, கடைசி நிமிடம் வரை தண்ணீர் தள்ளட்டும் என்பதுதான் கணக்கு. வயல் கிணற்று மோட்டருக்குப் பூட்டிப் பழகிய கை இங்கேயும் ஓவர்லோட் றிலேயைப் பூட்டப் பார்க்கும்.

நான்காவது வயர். சாதாரண பீவீசீ வயர் தீயில் நிற்காது. 30 நிமிடத்துக்கும் 120 நிமிடத்துக்கும் சோதிக்கப்பட்ட தீ தாங்கும் கேபிள்கள் இருக்கின்றன. அதைப் பிளாஸ்ரிக் கிளிப்பால் அடிக்காதீர்கள். கிளிப் உருகினால் கேபிள் தொங்கி அறுந்துவிடும். உலோகக் கிளிப்தான். முடிந்தால் கட்டடத்துக்கு வெளியே நிலத்துக்கு அடியால் கொண்டு போங்கள்.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால், கரண்டே வேண்டாத டீசல் பம் பல இடங்களில் மலிவாக வரும். என் விருப்பமும் அதுதான். அதற்கு இரண்டு தொகுதிப் பற்றரி வேண்டும். ஒன்று கைவிட்டால் மற்றது. அமெரிக்க முறையில் கட்டுப்பாட்டுப் பெட்டி 15 வினாடி சுழற்றி, 15 வினாடி ஓய்வு கொடுத்து, ஆறு முறை முயலும். எந்தப் பம்மாக இருந்தாலும், குழாயில் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும் சின்ன ஜொக்கி பம்முக்கு மாற்று மின்சாரம் தேவையில்லை.

ஜெனரேற்றரை வைக்கும் இடம், டீசல், சேஞ்சோவர்

கையால் தள்ளும் சேஞ்சோவர் தீப் பம்முக்கு ஆகாது. தானாக மாறும் சுவிச், பம்முக்கென்று தனியாக ஒன்று. கடையின் விசிறிக்கும் குளிர்பெட்டிக்கும் வேறொன்று. கரண்ட் போய் 10 வினாடிக்குள் சுமையை எடுக்க வேண்டும் என்பது உயிர்காக்கும் சுமைகளுக்கு அமெரிக்க நியமம் வைக்கும் எல்லை. நியூற்றலையும் சேர்த்துப் பிரிக்கும் நாலு முனைச் சுவிச்சாகப் பாருங்கள். ஜெனரேற்றர் கரண்ட் வெளி லைனுக்குத் திரும்பிப் போனால், கம்பத்தில் ஏறி நிற்கும் ஊழியரின் உயிர் போகும்.

இடம் தெரிவு செய்யும்போது 2018 டிசம்பரை நினையுங்கள். இரணைமடுக் கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணீருக்குள் கிடந்த மாதம். அந்த வெள்ளம் எவ்வளவு உயரத்துக்கு வந்தது என்று அயலில் ஒரு வயதானவரைக் கேட்டு, அதற்கு மேலே மேடை கட்டுங்கள். அறை கட்டடத்திலிருந்து விலகி இருக்கட்டும். புகைக்குழாய் யன்னல் பக்கம் பார்க்கக்கூடாது. அந்தப் புகையில் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நித்திரையிலேயே ஆளைக் கொல்லும்.

டீசலுக்கு, 40 கேவீஏ இயந்திரம் முக்கால் சுமையில் மணிக்கு ஏறக்குறைய 7 லீற்றர் குடிக்கும். தீப் பம்முக்கு 8 மணி நேர இருப்பு என்று அமெரிக்க விதி கேட்கிறது, அதாவது 56 லீற்றர். அதை மின்வெட்டு நேரத்துக் கடைப் பாவனையிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். தாங்கியில் கடைப் பாவனைக்கான குழாயைச் சற்று மேலே போட்டால், கீழே 60 லீற்றர் எப்போதும் மிஞ்சும். டீசல் இல்லாமல் எரிபொருள் அட்டையோடு வரிசையில் நின்ற காலத்தில் பல ஜெனரேற்றர்த் தாங்கிகள் உழவு இயந்திரத்துக்குப் போனது எனக்குத் தெரியும். இந்தக் குழாய் உபாயம் அதற்கும் மருந்து. மாரி முடிந்ததும் தாங்கியின் அடியைத் திறந்து படிந்த தண்ணீரை விடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை பழைய டீசலை ஓட்டித் தீர்த்துப் புதிது ஊற்றுங்கள்.

சோதனை

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நாடு முழுக்கக் கரண்ட் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதே காரணம் என்று அமைச்சர் சொன்னார். சிரித்தார்கள். வன்னியில் குரங்குக்குக் குறைவில்லை, பல்லிக்கும் எறும்புக்கும் அணிலுக்கும்கூட. சேஞ்சோவர் பெட்டிக்குள் பல்லி செத்துக் கிடந்து தொடுமுனை ஒட்டாமல் நின்றதை நானே துடைத்திருக்கிறேன். அதனால் பெட்டிகளின் ஓட்டைகளை அடைத்துவிட்டுத்தான் சோதனையைத் தொடங்குவேன்.

டீசல் பம்மைக் கிழமைக்கு ஒருமுறை 30 நிமிடம், மின் பம்மை மாதம் ஒருமுறை 10 நிமிடம் ஓட்டுங்கள். ஜெனரேற்றர் மாதம் ஒருமுறை 30 நிமிடம், அதன் அளவில் 30 வீதமாவது சுமையோடு. சுமையில்லாமல் ஐந்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்துவது டீசல் இயந்திரத்துக்குக் கெடுதல். எரியாத எண்ணெய் புகைக்குழாயில் படியும். அவசர விளக்கை மாதம் ஒருமுறை சற்று எரியவிட்டுப் பார்த்து, வருடம் ஒருமுறை முழு 3 மணி நேரமும் எரிய விடுங்கள். அந்த இரவில் கடை பூட்டியிருக்கட்டும், பற்றரி மறுபடி ஏற ஒரு நாள் எடுக்கும்.

பனல் பற்றரியை மீற்றரால் தொட்டு 12.6 வோல்ற்று காட்டுகிறது, நல்லது என்று எழுதிவிட்டு வராதீர்கள். செத்த பற்றரியும் சும்மா இருக்கும்போது 12.6 காட்டும். பனலின் மெயின் பிரேக்கரை இறக்கி, ஒரு மணி நேரம் பற்றரியில் விட்டு, பிறகு மணிகளை அடிக்க விட்டு, அடிக்கும்போதே வோல்ற்றை அளந்து பாருங்கள். 24 வோல்ற்றுத் தொகுதி 21 க்குக் கிட்ட இறங்கினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பழசொன்று புதுசொன்று என்று பூட்டினால் பழசு புதுசையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஜெனரேற்றர் ஸ்ரார்ட் ஆகாமல் போவதற்கு இயந்திரம் காரணமாக இருப்பது அபூர்வம். பெரும்பாலும் ஸ்ரார்ட் பற்றரி இறங்கியிருக்கும், அல்லது யாரோ சேவீஸ் செய்தவர் தேர்வுச் சுவிச்சை ‘ஓட்டோ’வில் (தானாக ஸ்ரார்ட் ஆகும் நிலை) திருப்பி வைக்காமல் போயிருப்பார். ஸ்ரார்ட் பற்றரிக்கு மெயினிலிருந்து ஏறும் சின்னச் சாஜர் ஒன்று போடுங்கள். தேர்வுச் சுவிச்சின் பக்கத்தில் ஒரு கொப்பியை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். திகதி, ஓடிய நேரம், டீசல் அளவு, பற்றரி வோல்ற்று, சுவிச் ‘ஓட்டோ’வில் இருக்கிறதா, பார்த்தவரின் கையெழுத்து.

புதுக் கட்டடத்தைக் கையளிக்கும் நாளில் நான் சொந்தக்காரரையும் கூட்டிக்கொண்டு போய், அவர் கையாலேயே மெயினை இறக்கச் சொல்வேன். எல்லா விளக்கும் அணைந்து, படிக்கட்டு விளக்கு எரிந்து, பின்பக்கம் இயந்திரம் உறுமும் வரை கைத்தொலைபேசியில் வினாடியை எண்ணுவோம். பிறகு மேல்மாடி ஹோஸ் றீலைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்போம். கொப்பியின் முதல் வரியில் அந்த வினாடிக் கணக்கை எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்குவேன்.